மட்கிய சாணத்தை அரைத்து பெல்லட் ஆக்கினால் சத்து இரண்டு மடங்காகுமா?

மலேசியாவின் ஜொகூரில் கூலாய்க்கு அந்தப் பக்கம் உங்கள் மாமா 30 மாடுகள் வைத்திருக்கிறார். சாணத்தைக் குவித்து மட்க வைத்து, மூட்டை கட்டி அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்குக் கொடுக்கிறார். நீங்கள் இங்கே சிங்கப்பூரிலிருந்து பணம் போட்டு, அரைக்கும் இயந்திரம், சல்லடை, உலர்த்தி, எருவை அழுத்திச் சிறு குச்சிகளாக்கும் பெல்லட் இயந்திரம் எல்லாம் சேர்ந்த ஒரு செட்டை வாங்கித் தரலாமா என்று யோசிக்கிறீர்கள். விற்பவர், "இதில் போட்டு எடுத்தால் சத்து இரண்டு மடங்காகும்" என்கிறார். அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்த ஒரு கேள்விக்குள் மூன்று இருக்கின்றன. மூட்டையில் அச்சடிக்கும் சதவீதம் கூடுமா? கூடும். செடிக்குப் போய்ச் சேரும் சத்து கூடுமா? இயந்திரத்தால் மட்டும் கூடாது. போட்ட காசு திரும்புமா? எதை முதலில் வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நான் கோயம்புத்தூரில் மண்ணியல் படித்துவிட்டு இங்கே வந்தவன். பல வருஷமாகத் தோட்டக் கழிவு, உணவுக் கழிவு, ஜொகூர்ப் பண்ணைகளிலிருந்து வரும் எரு என்று எல்லாவற்றையும் மட்க வைக்கும் வேலையில் இருக்கிறேன். இயந்திரக் கடைக்காரன் இல்லை. ஆகவே மோட்டார், கியர் விஷயத்தில் என் பேச்சைக் கேட்காதீர்கள். எருவுக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

விற்பவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். அவர் சொல்வது ஈரக் கணக்கு. நன்றாக மட்கிய சாண எரு 100 கிலோ எடுத்தால் அதில் பாதி தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 50 கிலோ உலர்ந்த பொருளில் தழைச்சத்து (நைட்ரஜன்) 2 சதவீதம் இருந்தால், மொத்தம் 1 கிலோ. மூட்டை எடைக்குப் பார்த்தால் 1 சதவீதம். இதையே 12 சதவீத ஈரத்துக்கு உலர்த்தி பெல்லட் ஆக்கினால் எடை சுமார் 57 கிலோவாகக் குறையும். தழைச்சத்து அதே 1 கிலோதான், ஆனால் சதவீதம் இப்போது 1.76. இரண்டு மடங்குக்குக் கிட்ட வந்துவிட்டது பாருங்கள்! பாலைக் காய்ச்சிப் பால்கோவா ஆக்கியதும் பசு கூடுதலாகக் கறந்துவிட்டது என்று சொல்வதைப் போன்றது இது. அதனால் எந்த உரத்தை எதனோடு ஒப்பிட்டாலும் ஈரத்தைக் கழித்த எடையில் எண்ணைக் கேளுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்தாலே விளம்பரத் தாளில் இருப்பதில் பாதி உதிர்ந்துவிடும்.

ஈரத்தைக் கழித்த பிறகும் இன்னொரு பள்ளம் இருக்கிறது. பச்சைச் சாணம் 100 கிலோவில் சுமார் 80 கிலோ தண்ணீர், 20 கிலோ உலர்பொருள். அதில் 2 சதவீதம், அதாவது 400 கிராம் தழைச்சத்து. மட்கும்போது கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் தின்று கரியமில வாயுவாக வெளியே விடுகின்றன. உலர்பொருள் 12 கிலோவாகக் குறைகிறது என்று வைப்போம். அதே சமயம் தழைச்சத்தில் 30 சதவீதம் அம்மோனியாவாகப் பறந்துபோய் 280 கிராம்தான் மிஞ்சுகிறது. ஆனால் 12 கிலோவில் 280 கிராம் என்றால் 2.3 சதவீதம்! சதவீதம் ஏறியிருக்கிறது, கையில் இருப்பதோ குறைந்திருக்கிறது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) பறக்காது, கூரைக்குக் கீழே மட்கினால் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) எடையில் அப்படியே இருக்கும், சதவீதத்தில் தாமாகவே உயரும். ஆகவே உங்கள் மாமாவின் எருவுக்கு நல்லது செய்ய வேண்டுமென்றால் கேட்க வேண்டியது 'எத்தனை சதவீதம்' என்று மட்டுமல்ல, 'மாடு போட்டதில் எத்தனை கிலோவை நாம் தக்க வைத்தோம்' என்றும்தான்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். உர மூட்டையில் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் பெரும்பாலும் ஆக்சைடு கணக்கில் எழுதப்படும். பாஸ்பரஸ் 1 கிலோ என்பது அந்தக் கணக்கில் 2.29 கிலோ, பொட்டாசியம் 1 கிலோ என்பது 1.2 கிலோ. ஒரு ஆய்வக அறிக்கை தனிமத்திலும் இன்னொன்று ஆக்சைடிலும் இருந்தால், ஒன்றும் செய்யாமலேயே எரு மேம்பட்டதுபோலத் தெரியும்.

சரி, சத்து எங்கே போகிறது? இதைத் தெரிந்துகொண்டால் எந்த இயந்திரம் எதற்கு என்பது தானாக விளங்கும். மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் ஏறக்குறையப் பாதி சிறுநீரில் இருக்கிறது, சாம்பல் சத்தில் பெரும்பகுதியும் அதில்தான். மணிச்சத்து மட்டும் கிட்டத்தட்ட முழுவதும் சாணத்தில். தொழுவத்தில் சிறுநீர் சாக்கடைக்குப் போக, சாணத்தை மட்டும் வாரி எடுக்கும் பண்ணையில் ஆட்டம் தொடங்கும் முன்பே பாதி போய்விட்டது. சிறுநீரில் உள்ள யூரியா, சாணத்தில் இருக்கும் யூரியேஸ் நொதி பட்டதும் சில மணி நேரத்திலேயே அம்மோனியாவாக மாறத் தொடங்கும். காலையில் தொழுவத்துக்குள் போனால் கண் எரிகிறதே, அது மூட்டைக்குள் போக வேண்டிய உரம். மரத்தூள், நறுக்கிய வைக்கோல், கிழித்த செம்பனைக் குலைநார் இப்படி எதையாவது தரையில் பரப்பிச் சிறுநீரை உறிஞ்ச வைத்து, அதையும் சேர்த்து மட்க வைத்தால் கிடைக்கும் கூடுதல் சத்து, நான் பார்த்தவரை எந்தப் பெல்லட் இயந்திரமும் தராதது.

இங்கேதான் முதல் உண்மையான இயந்திரம் வருகிறது: கிழிக்கும் இயந்திரம், ஷ்ரெட்டர். ஆனால் சாணத்துக்கு அல்ல. சாணம் ஏற்கனவே மாடு அசைபோட்டு அரைத்த பொருள். அதை மேலும் அரைப்பதில் பெரிய லாபமில்லை. கிழிக்க வேண்டியது அதனோடு சேர்க்கும் நார்ப்பொருளை. ஜொகூரில் செம்பனை ஆலைகளில் பழம் உதிர்த்த வெற்றுக் குலைகள் மலைபோலக் கிடக்கும். அவற்றின் உலர்ந்த எடையில் பொட்டாசியம் சுமார் 2 சதவீதம், சாணத்தில் குறைவாக இருக்கும் சாம்பல் சத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். முழுக் குலையாகப் போட்டால் பல மாதம் ஆனாலும் அப்படியே கிடக்கும். விரல் நீள நாராகக் கிழித்துப் போட்டால்தான் நுண்ணுயிர் உள்ளே நுழையும். சாணத்தில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 20-க்கு 1. மட்குக்கு உகந்தது 25 முதல் 30. இந்த நார் அந்த விகிதத்தையும் மேலே ஏற்றும், குவியலுக்குள் காற்று போக இடமும் விடும். ஆனால் மாவாக அரைத்துவிடாதீர்கள். துகள் ரொம்பச் சின்னதானால் இடைவெளி அடைபட்டு, உள்ளே காற்றில்லாமல் புளித்து, கெட்ட வாடை அடிக்கும். தழைச்சத்தும் வேறு வழியில் வெளியேறும். சில மில்லிமீட்டரிலிருந்து 5 சென்டிமீட்டர் வரை கலந்து இருப்பதே நல்லது.

அடுத்தது திருப்பிப் போடுவது. இதைப் பற்றி நம் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு: எவ்வளவு அடிக்கடி புரட்டுகிறோமோ அவ்வளவு நல்ல எரு என்று. வேகமாக மட்கும் என்பது சரி. சத்துக்கு அது அவ்வளவு நல்லதல்ல. அம்மோனியம் உப்பாகக் கரைந்திருக்கும்வரை பறக்காது. அம்மோனியா வாயுவானால்தான் பறக்கும். 25 டிகிரி செல்சியஸில் கார அமில எண் (pH) 9.25 ஆனால்தான் பாதி வாயுவாகும். 55 டிகிரிச் சூட்டில் அந்தப் பாதிக்கோடு 8.4-க்கு இறங்கிவிடுகிறது. சூடேறிய சாணக் குவியலின் கார அமில எண் 8-க்கும் 9-க்கும் நடுவில் நிற்பது வழக்கம். அதாவது குவியல் நன்றாகச் சூடாக இருக்கும் நேரம்தான் தழைச்சத்து கதவருகே வந்து நிற்கும் நேரம். நாம் போய்ப் புரட்டிக் கதவைத் திறந்து விடுகிறோம்.

அதற்காகப் புரட்டாமலும் இருக்க முடியாது. நோய்க்கிருமியும் களை விதையும் சாக வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கழிவுநீர்க் கசடுக்காக எழுதிய விதியைப் பல ஊர்களில் மட்குக்கும் அளவுகோலாகக் கொள்கிறார்கள்: நீளக் குவியலாக இருந்தால் 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் குறைந்தது 5 முறை புரட்டல். அடியில் குழாய் வைத்துக் காற்று ஊதும் குவியலுக்கு 3 நாள் போதும். ஜொகூர் மாதிரி செம்பனையும் தென்னையும் சூழ்ந்த இடத்தில் புரட்ட இன்னொரு காரணமும் உண்டு. பனை வகைகளைத் தாக்கும் காண்டாமிருக வண்டு மட்கும் சாணத்திலும் முட்டையிடும். புழுக்கள் கொழுகொழுவென்று உள்ளே வளரும். சூடும் புரட்டலும் இல்லாத குவியல் பக்கத்துத் தோட்டக்காரனுக்குப் பகையாகிவிடும்.

ஆகவே என் யோசனை, புரட்டும் வண்டி வாங்குவதற்குப் பதில் ஒரு சாதாரண ஊதியும் துளையிட்ட குழாயும் வாங்குங்கள் என்பது. குழாய்மேல் நார், அதன்மேல் சாணக் கலவை, எல்லாவற்றுக்கும் மேலே ஏற்கனவே மட்கிய எருவை ஒரு சாண் உயரத்துக்குப் போர்வையாகப் போட வேண்டும். கீழிருந்து காற்று வரும்போது கிளம்பும் அம்மோனியாவில் ஒரு பங்கை அந்தப் போர்வை பிடித்து வைத்துக்கொள்ளும். கிருமி சாகும் சூடு வெளிப்புறத்திலும் எட்டும். ஊதியை டைமரில் போட்டு, விட்டு விட்டு ஓட்டுங்கள். எந்நேரமும் ஊதினால் புரட்டியதைவிட அதிகமாக அம்மோனியா போகக்கூடும். நீளத் தண்டு வெப்பமானி ஒன்று கட்டாயம். 65 டிகிரியைத் தாண்டினால் காற்றைக் கூட்டுங்கள், 45-க்குக் கீழே வந்துவிட்டால் ஈரம் குறைந்துவிட்டதா என்று பாருங்கள். உள்ளங்கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வரக்கூடாது, உதிர்ந்தும் போகக்கூடாது.

இதெல்லாம் கூரைக்குக் கீழே. இந்தப் பகுதியில் வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. திறந்த வெளியில் கிடக்கும் குவியலிலிருந்து பழுப்பு நிறத்தில் வடிகிறதே, அதில் போவது முக்கியமாகச் சாம்பல் சத்தும் நைட்ரேட்டும். ஒரு தகரக் கூரை, சரிவான சிமெண்டுத் தரை, வடிநீரைப் பிடித்துத் திரும்பக் குவியலில் ஊற்ற ஒரு தொட்டி. இதை 'இயந்திரம்' என்று யாரும் விற்பதில்லை, அதனால் யாரும் பரிந்துரைப்பதுமில்லை.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் திருகுப் பிழிவான், அதாவது ஸ்க்ரூ பிரஸ் ஒன்றும் இருக்கிறது. தொழுவத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் பெரிய பால் பண்ணைக்கு அது சரி. கூழாக வரும் சாணத்தைப் பிழிந்து நாரைத் தனியாக்கித் தரும்; நார் கையில் ஒட்டாமல் அழகாக இருக்கும். ஆனால் கரைந்திருக்கும் அம்மோனியமும் சாம்பல் சத்தும் தண்ணீர் போகும் வழியில்தான் போகும், மணிச்சத்திலும் நுண்ணிய துகளோடு ஒட்டியது நழுவிவிடும். மிஞ்சுவது பார்க்க நல்ல, சத்து குறைந்த நார். பிழிந்த திரவத்தை வயலில் விடவோ சாண எரிவாயுக் கலனில் ஊற்றவோ வழி இல்லையென்றால் இதைத் தொடவே வேண்டாம். உங்கள் மாமாவின் 30 மாட்டுக்குத் தேவையே இல்லை.

சல்லடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மட்கிய பிறகு செய்யும் இயந்திர வேலைகளில் காசுக்கு மதிப்புத் தருவது அதுதான் என்பது என் கருத்து. மட்கி முடிந்த எருவை உருளைச் சல்லடையில் 10 மில்லிமீட்டர் கண்ணில் போட்டுச் சலித்தால், கீழே விழும் பொடியில் நன்றாக மட்கிய பொருள் இருக்கும். மேலே தங்குவது மரச்சில்லும் மட்காத நாரும். பொடியில் உலர் எடைக் கணக்கிலேயே தழைச்சத்தும் மணிச்சத்தும் அதிகம். இது தண்ணீர்க் கணக்கு இல்லை, உண்மையான பிரிப்பு. மேலே தங்கியதும் வீணல்ல. அடுத்த குவியலில் சேர்த்தால் காற்றுக்கும் ஆச்சு, நுண்ணுயிர் விதைக்கும் ஆச்சு. கவனிக்க வேண்டியது ஈரம். 45 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் சல்லடைக் கண் அப்பிக்கொள்ளும். ரொம்பக் காய்ந்துவிட்டால் தூசி பறந்து வேலையாள் இருமுவார். முகக்கவசம் இல்லாமல் அந்தப் பக்கம் யாரையும் நிறுத்தாதீர்கள்.

ஆனால் அந்தப் பொடியில் ஒரு கள்ளன் ஒளிந்திருப்பான்: மணல். மண் தரையில் கட்டிய மாட்டின் சாணத்தை மண்வெட்டியால் வழித்தால் மண்ணும் சேர்ந்தே வரும். தூய்மையான மட்கில் 2 சதவீதம் தழைச்சத்து இருந்து, உலர் எடையில் 30 சதவீதம் மணல் கலந்துவிட்டால் அது 1.4 ஆகிவிடும். சல்லடை பெரிய கல்லைப் பிடிக்கும். நுண்மணல் பொடியோடு சேர்ந்தே விழும். அதைவிடச் சின்னக் கண்ணால் பிரிக்கப் பார்த்தால் சத்து மிகுந்த நுண்துகளும் சேர்ந்து போய்விடும். மணலைப் பின்னால் எடுப்பதைவிட முன்னால் சேர்க்காமல் இருப்பதே சுலபம். திரும்பவும் சிமெண்டுத் தரைக்கே வந்து நிற்கிறோம். இப்போது இருக்கும் எருவில் எவ்வளவு மணல் என்று தெரிய, ஆய்வகத்தில் 550 டிகிரியில் எரித்து மிஞ்சும் சாம்பலை அளக்கச் சொல்லுங்கள். உலர் எடையில் பாதிக்கு மேல் சாம்பலாக வந்தால் நீங்கள் எருவோடு நிலத்தையும் விற்றுக்கொண்டிருக்கிறீர்கள்.

மட்கிய எருவை இன்னும் பொடியாக அரைத்தால் செடிக்குச் சீக்கிரம் சத்து கிடைக்குமா என்பது நிச்சயமில்லாத இடம். கட்டியாக இருப்பதை உடைத்தால் உள்ளே மறைந்திருந்த கரிமப் பொருளை நுண்ணுயிர் எட்டும், முதல் சில வாரங்களில் நைட்ரேட் கொஞ்சம் வேகமாக வெளிவரலாம் என்பது தர்க்கத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் எருவின் முதிர்ச்சி, மண், ஈரம் எல்லாவற்றையும் பொறுத்து முடிவு மாறுகிறது. சில நேரம் வித்தியாசமே தெரிவதில்லை. மொத்தச் சத்து மாறாது என்பது மட்டும் நிச்சயம். அதனால் அரைப்பதை ஒரே சீராகப் பரப்ப உதவும் வேலையாகப் பாருங்கள், சத்தேற்றமாகப் பார்க்காதீர்கள்.

பெல்லட் பற்றிக் கேட்டது நீங்கள்தான், ஆனாலும் சொல்ல அதிகமில்லை. கன அளவு குறையும், வாடை குறையும், ஈ மொய்க்காது, கையில் எடுத்துப் போடச் சுலபம். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்தில் கறிவேப்பிலையும் மிளகாயும் வளர்க்கிறவர்கள் பெல்லட்டை விரும்புவது இதற்காகத்தான். எதிர்வீட்டுக்காரர் புகார் செய்ய மாட்டார். (பொங்கலுக்கு இங்கே லிட்டில் இந்தியாவில், தேக்காவில், மாடு கட்டினால் மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்கள், நர்சரியில் ஒரு பை எருவுக்கு வெள்ளியை எண்ணிக் கொடுப்பதை நான் ரசித்துப் பார்ப்பதுண்டு.) இங்கே அடிக்கிற மழையில் பொடி அடித்துச் செல்லப்படுவதுபோலப் பெல்லட் போகாது, மெல்லத்தான் கரையும். மறுபக்கம், அச்சில் அழுத்தும்போதும் உலர்த்தும்போதும் ஏறும் சூட்டில் நல்ல நுண்ணுயிர்களில் பலவும் சாகும். முழுமையாக மட்காத எருவைப் போட்டால் மிச்சமிருக்கும் அம்மோனியமும் உலர்த்தியின் புகைபோக்கி வழியே போகும். முதிர்ந்த எருவில் அம்மோனியம் குறைவு, தழைச்சத்து கரிமப் பொருளுக்குள் கட்டுண்டும் நைட்ரேட்டாகவும் இருக்கும், அதனால் இழப்பும் சொற்பம். ஆக, பெல்லட் ஆக்குவதென்றால் முதிர்ந்ததை மட்டும். நனைந்த பெல்லட்டில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் வாங்கியவர் பயந்து போன் செய்வார். அது செடிக்குக் கெடுதல் செய்யாது என்று பையிலேயே அச்சடித்துவிடுங்கள்.

உலர்த்தும் செலவைக் கணக்குப் போட்டீர்களா? பாதி ஈரமுள்ள எரு ஒரு டன்னை 12 சதவீதத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 430 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். ஒரு துளியும் வீணாகாத உலர்த்தி என்றாலும் 270 கிலோவாட் மணி சக்தி பிடிக்கும். நடைமுறையில் 400-க்குக் குறையாது. இதில் பாதி வேலையை எருவே இலவசமாகச் செய்யும். மட்கின் கடைசிக் கட்டத்தில் தண்ணீர் தெளிக்காமல் ஊதியை மட்டும் ஓட்டினால் குவியலின் சொந்தச் சூட்டிலேயே ஈரம் 35 சதவீதத்துக்கு அருகே இறங்கிவிடும். அதற்குமேல் ஒளி புகும் கூரையின்கீழ் மெல்லிதாகப் பரப்பலாம், ஆனால் நம் காற்றில் இருக்கும் ஈரத்தில் அது மெதுவாகத்தான் போகும்.

சத்தை உண்மையாகவே கூட்ட வேண்டுமானால் சேர்க்க வேண்டும். கலக்கும் இயந்திரம் இங்கே பயன்படும். தமிழ்நாட்டில் மானாவாரிப் பயிருக்குத் தொழு உரத்தில் சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, ஒரு மாதம் மூடி வைத்து, ஊட்டமேற்றிய தொழு உரமாக ஹெக்டேருக்கு 750 கிலோ போடச் சொல்வார்கள்; வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை அது. மணிச்சத்தைக் கூட்டுவதோடு, அதில் இருக்கும் ஜிப்சமும் அமிலத்தன்மையும் அம்மோனியாவைப் பிடித்து நிறுத்தவும் உதவுகின்றன. தழைச்சத்துக்கு வேப்பம்புண்ணாக்கு. ஈரத்தோடு ஒரு டன் எருவில் 10 கிலோ தழைச்சத்து இருக்கிறதென்றால், 5 சதவீதம் உள்ள வேப்பம்புண்ணாக்கு 100 கிலோ சேர்த்தால் 1,100 கிலோவில் 15 கிலோ. 1 சதவீதம் 1.36 ஆகிறது. கரித்தூளை மட்கத் தொடங்கும்போதே கலந்தால் அம்மோனியா இழப்பு குறைகிறது என்பதைப் பல சோதனைகள் காட்டுகின்றன. எவ்வளவு குறையும் என்பது கரியின் வகைக்கு வகை மாறுகிறது, அதனால் அதற்கு ஒரு எண்ணை நான் தர மாட்டேன். இங்கே டௌஹூ (சோயாப் பால்கட்டி) செய்யும் இடங்களில் மிஞ்சும் சோயாச் சக்கையும் தழைச்சத்து நிறைந்தது. ஆனால் அது ஈரமான பச்சைப் பொருள், முதிர்ந்த எருவில் கலக்கக்கூடாது. முதலிலேயே குவியலில் சேர்த்து மட்க வைக்க வேண்டும்.

இப்போது வாங்குகிறவர் பக்கம். 'சத்து அதிகம்' என்பது எப்போதும் நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மட்கிய சாண எருவின் கரிமத் தழைச்சத்தில் முதல் பருவத்தில் பத்தில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் செடிக்குக் கிடைக்கும். மணிச்சத்து அப்படியல்ல, தாராளமாகக் கிடைக்கும். செடி கேட்பதோ தழைச்சத்தில் ஏழெட்டில் ஒரு பங்கு பாஸ்பரஸ்தான். எருவில் இருப்பது அதைவிட அதிகம். கீரை வெளுத்திருக்கிறதே என்று திரும்பத் திரும்ப எரு போட்டால் தழைச்சத்துப் பற்றாக்குறை தீரும் முன்பே மணிச்சத்தும் உப்பும் குவிந்துவிடும். தேசியப் பூங்காக் கழகம் குத்தகைக்குத் தரும் தோட்டப் பாத்தி 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். அவ்வளவு சின்ன இடத்தில் உலர்த்திச் செறிவாக்கிய பெல்லட்டை ஈர எரு போடும் அளவுக்கே கொட்டினால் வெண்டை நுனி கருகும். ஆகவே பையில் சதவீதத்தைவிட அளவைப் பெரிதாக எழுதுங்கள்.

காசுக் கணக்கு சுருக்கமாக. ஒரு மாடு நாளைக்கு 20 முதல் 25 கிலோ சாணம் போட்டால் 30 மாட்டுக்கு 600 முதல் 750 கிலோ. உலர்பொருள் 120 முதல் 150. மட்கியபின் 72 முதல் 90. பெல்லட்டாக 80 முதல் 100 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை மூன்றோ நான்கோ. நார் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். மணிக்கு 200 கிலோ தள்ளும் சின்ன இயந்திரமே தினம் அரை மணி நேரம்தான் ஓடும். மீதி நேரம் துருப்பிடிக்கும். கூரை, தரை, தொட்டி முதலில், பிறகு ஊதியும் வெப்பமானியும், பிறகு நார் கிழிக்கும் இயந்திரம், வாரத்தில் ஒரு நாள் வாடகைக்குக் கிடைத்தாலும் போதும், பிறகு சல்லடை. பெல்லட் இயந்திரத்தை, பக்கத்துப் பண்ணைகள் இரண்டு மூன்று சேர்ந்தால் வாங்கலாம். சிங்கப்பூருக்குள் கொண்டுவந்து விற்பது வேறு கதை. மண்ணும் இயற்கை உரமும் இங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன. காரின் பின்னால் நாலு மூட்டையைப் போட்டுக்கொண்டு கடற்பாலத்தைத் தாண்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். இயந்திரத்துக்கு முன்பணம் கட்டும் முன் அவர்களிடம் எழுதிக் கேட்டுப் பதிலை வாங்கிக்கொள்ளுங்கள்.

விற்பவரிடம் ஒன்று செய்யச் சொல்லுங்கள். உங்கள் மாமாவின் எருவிலேயே 50 கிலோவை அவருடைய இயந்திரத்தில் போட்டு பெல்லட் ஆக்கித் தரட்டும். போடுவதற்கு முன்பு ஒரு மாதிரி, எடுத்த பிறகு ஒரு மாதிரி. இரண்டையும் குவியலின் பத்துப் பன்னிரண்டு இடங்களிலிருந்து எடுத்துக் கலந்து, ஒரே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஈரம், சாம்பல், மொத்தத் தழைச்சத்து, அம்மோனியம், நைட்ரேட், மணிச்சத்து, சாம்பல் சத்து, கார அமில எண், மின்கடத்துதிறன் இவை போதும். தாமிரமும் துத்தநாகமும் ஒரு முறை பாருங்கள், மாட்டுக் குளம்புக்குத் தாமிரக் கரைசல் போடும் வழக்கம் இருந்தால் கட்டாயம். வீட்டிலேயே ஒரு சோதனை: எருவையும் தோட்டமண்ணையும் பாதிக்குப் பாதி கலந்த தட்டில் ஒன்றும் வெறும் தோட்டமண்ணில் ஒன்றுமாகப் பச்சைப்பயறு விதைத்து, முளைப்பையும் முதல் இலைகளையும் ஒப்பிடுங்கள். எருத் தட்டில் முளை குறைந்தால் எரு முதிரவில்லை அல்லது உப்பு அதிகம். இலை சுருண்டு திருகினால் தீவனப் புல்லில் அடித்த களைக்கொல்லி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று சந்தேகப்படலாம். ஆய்வக எண்கள் வந்ததும், ஈரத்தைக் கழித்த கணக்கில், இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.